அரிதாரம் கலைத்த அரசி

இரண்டு ஆஸ்கர் விருதுகளை வாங்கிய பிறகு வாக்குச் சேகரிக்கப் போனவர் கிளெண்டா ஜாக்சன். 23 ஆண்டுகள் எம்.பி.யாக இருந்த பிறகு, 80 வயதில் அவர் மேடைக்குத் திரும்பியது மன்னர் லியராக.

நடிகர்கள் அரசியலுக்கு வருவது இந்தியர்களுக்குப் புதிதல்ல. திரையில் சேர்த்த புகழ் வாக்குகளாக மாறும் கணக்கு இங்கு எல்லோருக்கும் தெரிந்ததுதான். பதவி கிடைத்த பிறகும் படத்தில் நடிப்பவர்கள் உண்டு. தேர்தல் தோற்றதும் ஸ்டூடியோவுக்குத் திரும்பியவர்களும் உண்டு. பிரிட்டிஷ் நடிகை கிளெண்டா ஜாக்சன் செய்தது இந்தக் கணக்கில் அடங்காது. 1992 ஏப்ரலில் தொழிற்கட்சி எம்.பி.யாகத் தேர்ந்தெடுக்கப்பட்டதும் அவர் நடிப்பை அடியோடு நிறுத்தினார். அப்போது அவருக்கு வயது 55. அதன் பிறகு 2015 வரை ஒரு படம் இல்லை, ஒரு நாடகம் இல்லை. தொகுதி மக்களின் வீட்டு வாடகைப் பிரச்சினைகளும் நாடாளுமன்ற விவாதங்களும்தான் அவரது வேலை.

நடிப்பு அவருக்கு அவ்வளவு அலட்சியமா? அல்ல. அதை ஒரு தொழிலாக மதித்தார்; அதன் பளபளப்பைத்தான் மதிக்கவில்லை. இந்த வேறுபாட்டைப் புரிந்துகொள்ள அவர் வந்த இடத்தைப் பார்க்க வேண்டும்.

1936 மே 9 அன்று இங்கிலாந்தின் வடமேற்கில் பர்க்கன்ஹெட் நகரில் பிறந்தார். தந்தை கட்டடத் தொழிலாளி. தாய் கடையில் வேலை பார்த்தார், மதுக்கடையில் பரிமாறினார், பிறர் வீடுகளைச் சுத்தம் செய்தார். நான்கு பெண்களில் கிளெண்டா மூத்தவர். கழிப்பறை வீட்டுக்கு வெளியே இருந்த சின்ன வீடு. ஹாலிவுட் நடிகை கிளெண்டா ஃபாரலின் பெயரைத்தான் தாய் மகளுக்கு வைத்தார். 16 வயதில் பள்ளியை விட்டு, பூட்ஸ் மருந்துக் கடையில் இரண்டு ஆண்டுகள் வேலை. ஓய்வு நேரத்தில் உள்ளூர் அமெச்சூர் நாடகக் குழு. அங்கிருந்து உதவித்தொகை பெற்று லண்டனின் ராயல் அகாடமி ஆஃப் டிரமாட்டிக் ஆர்ட் என்ற புகழ்பெற்ற நடிப்புப் பள்ளிக்குப் போனார்.

படிப்பு முடிந்ததும் வாய்ப்புகள் வரிசையில் நிற்கவில்லை. 'உன் முகம் கதாநாயகி முகம் அல்ல, 40 வயதுக்கு மேல்தான் உனக்கு வேலை கிடைக்கும்' என்ற பொருளில் தன்னிடம் சொல்லப்பட்டதாக அவரே பின்னர் கூறியிருக்கிறார். 1957-லிருந்து சிற்றூர் நாடகக் குழுக்களில் அலைந்தார். நடிப்பு இல்லாத மாதங்களில் கிடைத்த வேலையைச் செய்தார்.

திருப்பம் 1964-ல் வந்தது. ராயல் ஷேக்ஸ்பியர் கம்பெனியில் புதிய பரிசோதனைக் குழு ஒன்றை உருவாக்கிய இயக்குநர் பீட்டர் புரூக் அவரைத் தேர்ந்தெடுத்தார். பின்னாளில் மகாபாரதத்தை நாடகமாக்கி, மல்லிகா சாராபாயை திரௌபதியாக நடிக்க வைத்த அதே புரூக்தான். 'மரா/சாத்' என்ற அந்த நாடகத்தில் மனநோய் விடுதிவாசி ஒருத்தி, பிரெஞ்சுப் புரட்சிக்காரர் மராவைக் கொன்ற ஷார்லட் கோர்டேயாக நடிக்கிறாள். தன் நீண்ட கூந்தலையே சாட்டையாக்கி அவர் அடிக்கும் காட்சி லண்டனிலும் நியூயார்க்கிலும் பேசப்பட்டது. 1967-ல் அந்த நாடகம் படமாகவும் வந்தது.

அடுத்த சில ஆண்டுகளில் நடந்தது அசாதாரணம். டி.எச். லாரன்ஸின் நாவலைத் தழுவி கென் ரஸ்ஸல் இயக்கிய 'விமன் இன் லவ்' (1969) படத்தில் குட்ரன் என்ற சிற்பியாக வந்தார். காதலுக்காக ஏங்கும் பெண்ணாக அல்ல, காதலனோடு சமமாக மோதும் பெண்ணாக. 1971-ல் சிறந்த நடிகைக்கான ஆஸ்கர் கிடைத்தது. அதே 1971-ல் ஜான் ஷ்லெசிங்கரின் 'சண்டே பிளடி சண்டே' வெளியானது. ஓர் இளைஞனை ஒரு பெண்ணும் ஓர் ஆண் டாக்டரும் ஒரே நேரத்தில் காதலிக்கும் கதை. அந்தக் காலத்துக்கு மிகத் துணிச்சலானது. அந்தப் பெண்ணாக நடித்ததற்கு பிரிட்டிஷ் திரைப்பட அகாடமியின் விருதும் வந்தது.

ஆனால் சாதாரண பிரிட்டிஷ் குடும்பங்களுக்குள் அவரைக் கொண்டுபோனது தொலைக்காட்சிதான். 1971-ல் பி.பி.சி. ஒளிபரப்பிய 'எலிசபெத் ஆர்' ஆறு பகுதிகள் கொண்டது. ஒவ்வொன்றும் சுமார் ஒன்றரை மணி நேரம். முதலாம் எலிசபெத் அரசியின் இளமை முதல் மரணம் வரையிலான வாழ்க்கை. 30-களின் நடுவில் இருந்த ஒரு நடிகை பதின்வயதுப் பெண்ணாகவும் வர வேண்டும், 69 வயது கிழவியாகவும் வர வேண்டும். ரப்பர் தொப்பியால் வழுக்கையைக் காட்டாமல், தன் முன்னந்தலையையே மழித்துக்கொண்டார் ஜாக்சன். முகத்தில் அப்பிய வெள்ளைப் பூச்சுக்குப் பின்னால் இருந்த தனிமையையும் தந்திரத்தையும் கண்களாலேயே காட்டினார். அமெரிக்காவில் ஒளிபரப்பானபோது 1972-ல் இரண்டு எம்மி விருதுகள் கிடைத்தன. அதே காலத்தில் 'மேரி, குயின் ஆஃப் ஸ்காட்ஸ்' படத்திலும் எலிசபெத் அரசி அவரே. மேரியாக வனெஸ்ஸா ரெட்கிரேவ்.

அரசி வேடத்தின் கனம் தலைக்கேறவில்லை. அதே 1971-ல் மோர்கம்ப், வைஸ் என்ற நகைச்சுவை ஜோடியின் தொலைக்காட்சி நிகழ்ச்சியில் கிளியோபாட்ராவாக வந்து, தன்னைத் தானே கேலி செய்துகொண்டார். அதைப் பார்த்த இயக்குநர் மெல்வின் ஃபிராங்க், தன் நகைச்சுவைப் படமான 'எ டச் ஆஃப் கிளாஸ்' (1973) படத்துக்கு அவரையே அழைத்தார். அது இரண்டாவது ஆஸ்கரை வாங்கிக் கொடுத்தது. தங்களோடு இருந்தால் இன்னொன்றும் கிடைக்கும் என்று அந்த நகைச்சுவை ஜோடி கிண்டலாகத் தந்தி அடித்தது.

இரண்டு விருது விழாக்களுக்கும் ஜாக்சன் போகவில்லை. சிலைகள் தாயின் வீட்டுக்குப் போயின. வீட்டு வேலை செய்து பழகிய அந்தக் கைகள் அவற்றைத் தேய்த்துத் தேய்த்துத் துலக்கியதில் தங்க முலாம் போய் உள்ளிருந்த உலோகம் தெரிந்தது என்று மகள் சிரித்துக்கொண்டே சொல்வதுண்டு.

பிறகு ஏன் விட்டார்? காரணங்கள் இரண்டு. ஒன்று, தொழிலில் இருந்த குறை. சமகால நாடக ஆசிரியர்களுக்குப் பெண்கள் சுவாரஸ்யமாகத் தெரிவதில்லை, கதையை நகர்த்தும் இடத்தில் பெண்ணை வைப்பதில்லை என்பது அவர் வாழ்நாள் முழுக்கச் சொன்ன குற்றச்சாட்டு. 50 வயதைத் தாண்டிய நடிகைக்கு மிஞ்சுவது யாரோ ஒருவரின் தாய் வேடம். இரண்டாவது காரணம், மார்கரெட் தாட்சர். 1979 முதல் 1990 வரை தாட்சர் நடத்திய ஆட்சி, தான் வளர்ந்த உலகத்தையே சிதைத்துவிட்டது என்று ஜாக்சன் கருதினார். அந்த அரசை வெளியேற்ற, சட்டத்துக்கு உட்பட்ட எதையும் செய்யத் தயார் என்பது அவர் நிலை.

1992 தேர்தலில் லண்டனின் ஹாம்ப்ஸ்டெட்-ஹைகேட் தொகுதியை கன்சர்வேட்டிவ் கட்சியிடமிருந்து கைப்பற்றினார். ஆனால் நாடு முழுவதும் அவர் கட்சி தோற்றது. முதல் ஐந்து ஆண்டுகள் எதிர்க்கட்சி வரிசைதான். 1997-ல் டோனி பிளேர் பிரதமரானபோது போக்குவரத்துத் துறையில் இளைய அமைச்சர் பதவி கிடைத்தது. 1999-ல் அதை விட்டு, லண்டன் மேயர் தேர்தலுக்குக் கட்சியின் வேட்பாளராக முயன்றார். கட்சி வேறொருவரைத் தேர்ந்தெடுத்தது. அதன் பிறகு அமைச்சர் பதவி எதுவும் வரவில்லை.

வராததற்குக் காரணமும் உண்டு. 2003-ல் இராக் போரை எதிர்த்தார். சொந்தக் கட்சிப் பிரதமர் பதவி விலக வேண்டும் என்று வெளிப்படையாகச் சொன்னார். இப்படிப்பட்டவரை எந்தப் பிரதமரும் அமைச்சரவைக்கு அழைப்பதில்லை. 2010 தேர்தலில், எல்லைகள் மாற்றப்பட்ட ஹாம்ப்ஸ்டெட்-கில்பர்ன் தொகுதியில் அவர் ஜெயித்தது வெறும் 42 வாக்குகளில். மூன்றாவது இடத்தில் வந்தவரும் 841 வாக்குகள்தான் பின்தங்கியிருந்தார். நட்சத்திர அந்தஸ்து வாக்குகளை அள்ளிக் கொடுத்துவிடவில்லை என்பதற்கு இதைவிடச் சான்று தேவையில்லை.

எம்.பி.யாக அவர் நினைவில் நிற்பது ஒரு பேச்சால். 2013 ஏப்ரலில் தாட்சர் இறந்தபோது அஞ்சலி செலுத்த நாடாளுமன்றம் கூடியது. இறந்தவரைப் பற்றி நல்லதே பேசுவது மரபு. ஜாக்சன் எழுந்து, தாட்சர் காலத்தில் கடை வாசல்களில் படுத்தவர்களையும், ஒட்டுத்தாளால் ஒட்டிய பள்ளிப் புத்தகங்களையும் பட்டியலிட்டார். பேராசை, சுயநலம் என்று தனக்குக் கற்பிக்கப்பட்ட தீமைகள் அந்த ஆட்சியில் நற்பண்புகள் ஆக்கப்பட்டன என்றார். முதல் பெண் பிரதமர் என்ற புகழ்ச்சிக்கும் பதில் இருந்தது: "பெண்ணா? என் கணக்கில் அல்ல." ஆளுங்கட்சி வரிசையில் கூச்சல். விதிமீறல் எதுவும் இல்லை என்று சபாநாயகர் தீர்ப்பளித்தார்.

அது சரியான இடமா, சரியான நேரமா என்பதில் இரண்டு கருத்து இருக்கலாம். ஒரு மனிதரின் சவ அடக்கத்துக்கு முன் இப்படிப் பேசலாமா என்று கேட்டவர்கள் பலர். ஆனால் மகுடம் சூட்டிய அரசியானாலும், சொந்தக் கட்சியின் பிரதமரானாலும், இறந்துபோன எதிரியானாலும் மனதில் பட்டதை மாற்றிப் பேசும் பழக்கம் அவரிடம் இருந்ததில்லை. தாட்சரைப் பிடிக்காதவர்கள் அன்று அவையில் நிறையப் பேர் இருந்தார்கள். எழுந்து நின்று அதை முழுதாகச் சொன்னவர் அவர்.

2015 தேர்தலில் அவர் போட்டியிடவில்லை. தொகுதியில் அடுத்து ஜெயித்தவர், அப்போது வங்கதேசப் பிரதமராக இருந்த ஷேக் ஹசீனாவின் தங்கை மகள் தூலிப் சித்திக். ஜாக்சனுக்கு வயது 79. ஓய்வு பெறும் வயதும் தாண்டியாகிவிட்டது என்றே பலரும் நினைத்தார்கள். அந்த ஆண்டே எமிலி ஸோலாவின் நாவல்களைத் தழுவிய பி.பி.சி. வானொலி நாடகத்தில் அவர் குரல் ஒலித்தது. 2016-ல், 80 வயதில், லண்டன் ஓல்ட் விக் அரங்கில் ஷேக்ஸ்பியரின் லியராக வந்தார். அரசியாக அல்ல, மன்னராகவே.

ஆண் வேடத்தில் ஒரு பெண் என்ற விநோதத்துக்காக அல்ல அது. எம்.பி.யாக இருந்தபோது முதியோர் இல்லங்களுக்கு அடிக்கடி போனவர். வயது ஏற ஏற, ஆண், பெண் என்ற வேலி மங்கிப்போவதை அங்கே கண்டதாகச் சொன்னார். அதிகாரத்தைக் கையளித்துவிட்டு, அதன் பிறகும் மரியாதை குறையக்கூடாது என்று எதிர்பார்க்கும் கிழவனின் கோபத்தை அவர் கற்பனையில் தேட வேண்டியிருக்கவில்லை. மெலிந்த உடம்பு, புயலை எதிர்த்து நிற்கும் குரல். 25 ஆண்டு இடைவெளி எங்கே என்று விமர்சகர்கள் வியந்தார்கள்.

2018-ல் எட்வர்ட் ஆல்பியின் 'த்ரீ டால் விமன்' நாடகத்துக்காக டோனி விருது பெற்றார். ஆஸ்கர், எம்மி, டோனி மூன்றையும் நடிப்புக்காக வாங்கியவர்கள் உலகில் மிகச் சிலரே. 2019 இறுதியில் பி.பி.சி.யின் 'எலிசபெத் இஸ் மிஸ்ஸிங்' படத்தில் மறதிநோயால் பீடிக்கப்பட்ட மோட் என்ற பாட்டியாக நடித்தார். காணாமல் போன தோழியைத் தேடும் பாட்டிக்குத் தன் நினைவுகளே ஒவ்வொன்றாகக் காணாமல் போகின்றன. கண்ணீரைக் கேட்டு வாங்கும் நடிப்பு அல்ல. எரிச்சலும் பிடிவாதமும் பயமும் மாறிமாறி வரும் உண்மையான முதுமை. வீட்டில் இப்படி ஒருவரைப் பார்த்துக்கொள்பவர்களுக்கு அது நடிப்பாகவே தெரிந்திருக்காது. அதற்கான பேட்டிகளில் அவர் தன் நடிப்பைவிட அதிகம் பேசியது, முதியோர் பராமரிப்புச் செலவை யார் ஏற்பது என்ற கேள்வியைத்தான். எம்.பி. ஓய்வு பெறவில்லை.

கடைசிப் படம் 'தி கிரேட் எஸ்கேப்பர்'. 1975-ல் தன்னோடு நடித்த மைக்கேல் கெய்னுக்கு மீண்டும் ஜோடி. இரண்டாம் உலகப் போரின் நார்மண்டி தரையிறக்கத்தின் 70-ம் ஆண்டு விழாவுக்குப் போக, முதியோர் இல்லத்திலிருந்து நழுவிய 89 வயது முன்னாள் கடற்படை வீரரின் உண்மைக் கதை. அவரது மனைவியாக ஜாக்சன். படம் 2023 அக்டோபரில் வெளியானபோது அவர் இல்லை. ஜூன் 15 அன்று, 87 வயதில், லண்டனில் தன் வீட்டில் காலமானார்.

அவர் நடிக்காத அந்த 23 ஆண்டுகள் கலைக்கு இழப்பா? ரசிகர்கள் அப்படித்தான் சொல்வார்கள். எத்தனை ஹெட்டாக்கள், எத்தனை கிளியோபாட்ராக்கள் போயின என்று கணக்குப் போடலாம். ஆனால் தொகுதி அலுவலகத்தில் உட்கார்ந்து பிறர் துயரத்தைக் கேட்ட ஆண்டுகள் இல்லாமல் அந்த லியரும் இல்லை, அந்த மோட் பாட்டியும் இல்லை. 40 வயதுக்கு மேல்தான் வேலை கிடைக்கும் என்று சொன்னவர்கள் பாதி சரி. அவருடைய மிகப் பெரிய வேடங்களில் இரண்டு, 80-க்கு மேல்தான் கிடைத்தன.