காவற் பரண்

ஆலங்குடிப் பக்கத்துப் புன்செய்களில் நிலக்கடலை காய் பிடிக்கும் பருவத்தில் குடியானவர்களுக்கு உறக்கமில்லை. இரவில் காட்டுப்பன்றி, விடிந்தால் மயில். மயில் 1963-ஆம் ஆண்டில் தேசியப் பறவையாயிற்று. 1972-ஆம் ஆண்டின் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டமும் அதனைக் கொல்வதைத் தடுக்கிறது. பன்றிக்கென்று சிலர் வேலிக் கம்பியில் மின்சாரம் பாய்ச்சுகின்றனர். அக்கம்பியில் வைத்தவரே மாண்டதுமுண்டு. வழியே போன அயலார் மாண்டதுமுண்டு. இக்கொடிய வழியினும் பழைய பரணே மேலானதென்பதில் ஐயமில்லை.

சங்கச் செய்யுட்களில் இதணம் எனப்படும் தினைப்புனப் பரண் காவலுக்கே எழுந்தது. வேட்டைப் பரணைப் பார்த்து அதனை அமைப்பது பிழை. வேட்டையாடுவோன் தழைக்குள் மறைவான். தன் வாடை விலங்குக்கு எட்டாதபடி காற்றுக்கு எதிர்முகமாக அமர்வான். காவலனுக்கோ வாடை, விளக்கு, தகர ஒலி யாவும் பன்றிக்கு முன்னரே எட்டவேண்டும். ஆதலின் பரணிலிருந்து பன்றித் தடத்தை நோக்கிக் காற்று வீசும் புறமே தக்க இடம்.

நான்கு சவுக்குக் கால்களும் பத்தடி உயரமும் போதும். கறையானுக்கு அஞ்சி அடியில் தார் பூசுதல் நலம். குறுக்குச் சட்டங்களைச் சிக்கனம் பண்ணினால் ஆடிக் காற்றில் பரண் சாய்ந்துவிடும். இடி கேட்டால் உடனே இறங்கிவிடவேண்டும்.

நித்தமும் விழித்திருப்பது எவர்க்கும் இயலாதென்பர், மெய்யே. அண்டை நிலத்தார் நால்வர் ஒரு பரணில் முறைவைத்துக் காப்பின், ஒருவருக்கு நான்கிரவில் ஓரிரவே விழிப்பு.