பிரதி கேட்ட சட்டம்

சிறுவாச்சூர் மதுரகாளியம்மனைக் கும்பிட திங்கள், வெள்ளிகளில் திரள்கிற கூட்டத்தில் பலருக்கும் அவள் கண்ணகிதான். மதுரையை எரித்த சினத்தோடு இங்கே வந்து தங்கினாள் என்பது ஊர்க்கதை. தீர விசாரிக்காமல் கொடுத்த தண்டனையின் கதை அது. அதைக் கேட்டு வளர்ந்த எனக்கு டால்டன் டிரம்போ அந்நியராகத் தெரியவில்லை.

டிரம்போ ஹாலிவுட்டில் கொடிகட்டிப் பறந்த திரைக்கதை ஆசிரியர். கம்யூனிஸ்ட் கட்சியில் இருக்கிறீர்களா என்று 1947-ல் அமெரிக்க நாடாளுமன்றக் குழு கேட்டபோது பதில் சொல்ல மறுத்தார். 1950-ல் சிறைக்குப் போனார். ஸ்டூடியோக்கள் கதவைச் சாத்தின. பிழைக்க வேண்டுமே! வேறு பெயர்களில் எழுதினார். 'ரோமன் ஹாலிடே' கதைக்கான ஆஸ்கர், பெயர் இரவல் கொடுத்த நண்பருக்குப் போனது. 'தி பிரேவ் ஒன்' படத்துக்காக 1957-ல் ராபர்ட் ரிச் என்பவருக்குப் பரிசு அறிவித்தார்கள். அப்படியொரு எழுத்தாளரே இல்லை. 1960-ல் 'ஸ்பார்ட்டகஸ்' படத்தில்தான் டிரம்போவின் சொந்தப் பெயர் திரைக்குத் திரும்பியது.

அங்கே எழுத்தாளனின் பெயரைப் பறித்தார்கள். இங்கே அவன் எழுதிய தாளின் மீது கைவைத்தார்கள்.

'ரத்தக்கண்ணீர்' படம் என்றதும் நடிகர் எம்.ஆர்.ராதாவின் குரல்தான் காதில் ஒலிக்கும். நோயில் உருக்குலைந்து, கண் தெரியாமல், தெருத்தெருவாக அலையும்போதும் அவர் நடித்த மோகனின் நக்கல் மட்டும் குறையாது. கடைசியில் தன் மனைவியைத் தன் நண்பனுக்கே மணம் முடித்து வைப்பான். 1954-ல் இப்படி ஒரு முடிவைத் திரைக்குக் கொண்டுவர எத்தனை துணிச்சல் வேண்டும்! எழுதியவர் திருவாரூர் கே.தங்கராசு, பெரியாரின் தொண்டர். ராதாவைப் போல் பேசிக் காட்டாத ஊர் கிடையாது. அந்தப் பேச்சை எழுதியவர் யாரென்று கேட்டால் பத்துப் பேரில் ஒருவர் சொன்னாலே அதிகம். இது எனக்குத் தீராத மனக்குறை.

ராதாவின் மேடைக்காக, ராமாயணத்தை விமர்சிக்கும் நாடகத்தை எழுதியவரும் தங்கராசுதான். எதிர்ப்பு கிளம்பியது, கல்லெறியும் தடையும் வந்தன. 1876-ல் வெள்ளைக்காரன் போட்ட நாடகச் சட்டம் போதாதென்று, 1954-ல் சென்னை மாநில அரசு புதிதாக ஒரு நாடகச் சட்டம் கொண்டுவந்தது. ராதாவை மனத்தில் வைத்துப் போட்ட சட்டம் என்று அன்றே பேசப்பட்டது. நாடகப் பிரதியை அதிகாரிகள் கேட்டு வாங்கலாம். ஆட்சேபகரமானது என்று கருதினால் தடுக்கலாம். எது ஆட்சேபகரம் என்பதையும் அவர்களே முடிவு செய்யலாம்.

ராதாவோடு முடிந்துபோகவில்லை அந்தச் சட்டம். அவர் 1979-ல் இறந்த பிறகும் நாடகம் போட்டவர்களை அது துரத்தியது. நாடகம் எழுதுகிறவன் காவல்துறைக்கு ஏன் அதைப் படிக்கக் கொடுக்க வேண்டும்? என் மனத்துக்கு இதைவிட அவமானம் அவனுக்கு வேறில்லை.

'பரீக்‌ஷா' நாடகக் குழுவின் ஞாநி இந்தச் சட்டத்தை எதிர்த்து சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போனார். 2013 ஜனவரியில் நீதிபதி சந்துரு அதன் முக்கியமான பிரிவுகள் அரசியல் சட்டத்துக்கு முரணானவை என்று தீர்ப்பளித்தார். அந்தத் தீர்ப்பு வந்தபோது தங்கராசு உயிரோடு இருந்தார். அடுத்த ஆண்டு காலமானார்.