பிழை காண்பதே முதல் பாடம்

கணிப்பொறிக்கு நிரல் எழுதும் தொழிலுக்குச் செல்ல விரும்பும் மாணவர்கள், "எந்தக் கணிப்பொறி மொழியை முதலில் கற்க வேண்டும்?" என்று கேட்பதுண்டு. மொழி எதுவாயினும் ஆகட்டும். தன் நிரலில் பிழை இருக்கும் என்று எதிர்பார்த்து, அதைத் தானே தேடும் பழக்கம்தான் முதலில் வேண்டும் என்பேன்.

இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் மாரிஸ் வில்க்ஸ் என்ற அறிஞரின் தலைமையில் எட்சாக் என்னும் கணிப்பொறி உருவாயிற்று. ஏறத்தாழ 3000 வால்வுகளைக் கொண்ட அந்த இயந்திரம், 1949 மே 6ஆம் நாள் எண்களின் வர்க்கங்களைக் கணக்கிட்டு அச்சிட்டது.

அடுத்து வில்க்ஸ் ஒரு வகைக்கெழுச் சமன்பாட்டைத் தீர்க்க நிரல் எழுதினார். மொத்தம் 126 வரிகள். அவற்றைக் காகித நாடாவில் துளைகளாக இட்டு இயந்திரத்துக்குக் கொடுக்க வேண்டும். நிரல் எளிதில் வசப்படவில்லை. அந்த நாடாவைப் பிற்காலத்தில் ஆராய்ந்தபோது சுமார் 20 பிழைகள் இருந்தது தெரிந்தது! தம் எஞ்சிய வாழ்நாளில் பெரும்பகுதி, தம் நிரல்களிலேயே பிழை தேடுவதில் கழியப்போகிறது என்பதை ஒருநாள் மாடிப்படியில் உணர்ந்ததாக அவர் தம் நினைவுக் குறிப்புகளில் எழுதியிருக்கிறார்.

இயந்திரத்தைக் கட்டியவருக்கே இந்த நிலை. அவர் வெட்கப்பட்டு ஒதுங்கினாரா? இல்லை. அவருடன் பணிபுரிந்த டேவிட் வீலர் முதலிய இளைஞர்கள், சரிபார்த்த சிறு நிரல்களைப் பிறரும் எடுத்துப் பயன்படுத்தும்படி ஒரு நூலகம்போல் சேர்த்து வைத்தார்கள். ஸ்டான்லி கில் என்பவர், பிழைகளைக் கண்டறியும் முறைகளைப் பற்றியே 1951இல் ஓர் ஆய்வுக் கட்டுரை வெளியிட்டார்.

ஓரிடத்தில் சரியாக இயங்கிய நிரல் எங்கும் இயங்கும் என்றும் நம்பிவிடக் கூடாது. ஐரோப்பாவின் ஏரியான்-5 ராக்கெட், 1996 ஜூன் 4ஆம் நாள் தன் முதல் பயணத்தில் சுமார் 40 விநாடிகளிலேயே வெடித்துச் சிதறியது. ஏரியான்-4 ராக்கெட்டில் நன்கு உழைத்த ஒரு நிரல் பகுதியை இதிலும் பயன்படுத்தியிருந்தார்கள். புதிய ராக்கெட்டின் கிடைத்திசை வேகமோ மிக அதிகம். அதைச் சார்ந்த ஓர் எண், 32,767க்கு மேல் கொள்ளாத 16 பிட் இடத்தில் அடங்கவில்லை. அதுவே விபத்துக்கு வித்திட்டது.

இன்று கேட்டவுடன் நிரல் எழுதித் தரும் செயற்கை நுண்ணறிவுக் கருவிகள் வந்துவிட்டன. அவையும் தவறு செய்கின்றன. எழுதியது யாராயினும் சோதிக்கும் பொறுப்பு நம்முடையதே.

நம் வகுப்பறைகளில் விடை தவறினால் மதிப்பெண் போய்விடுகிறது. அதனால் பிழையை மறைக்கவே மாணவர்கள் பழகுகிறார்கள். நிரல் எழுதுபவருக்கு இதைவிடத் தீய பழக்கம் வேறில்லை. தம் பிழையைத் தாமே கண்டுபிடித்து, அதன் காரணத்தையும் எழுதிக் காட்டும் மாணவருக்கு ஆசிரியர்கள் தனி மதிப்பெண் தந்தால் என்ன?

மாணவ நண்பர்களே, வகுப்பின் சராசரி மதிப்பெண்ணைக் கணக்கிட ஒரு நிரல் எழுதுங்கள். அன்று ஒருவருமே தேர்வு எழுதவில்லை என்றால் அது எந்த எண்ணால் வகுக்கும்? யாரேனும் 78 என்பதை 780 என்று தட்டிவிட்டால் கண்டுகொள்ளுமா? பிறகு அதை நண்பரிடம் கொடுத்துக் குறை காணச் சொல்லுங்கள். அவர் குறை கண்டால் கோபப்படாதீர்கள், நன்றி சொல்லுங்கள். தொழிலில் உங்களுக்கு முதலில் கைகொடுக்கப் போவது அந்தப் பழக்கம்தான்.