காந்தாரம் அசையாத தோடி

முதலில் விரல் பேசட்டும், பாவம் தன்னால் வரும் என்று கிளாரினெட் பழகும் பிள்ளைகளுக்குச் சொல்லித் தருகிறார்கள். ஸ்ரீரங்கத்தில் கச்சேரி கேட்கிறவர்களும் போட்டிகளில் மார்க் போடுகிறவர்களும் பெரும்பாலும் இதையே நம்புகிறார்கள். துரித காலத்தில் பிசிறில்லாமல் ஸ்வரம் ஓடிவிட்டால் வித்துவான் என்று பேர். இந்த நம்பிக்கை வாத்தியத்தையே கெடுக்கிறது.

விரலுக்கு இத்தனை மரியாதை ஏன் வந்தது என்பது புரிகிறது. நாகஸ்வரத்தில் ஷட்ஜத்தின் விரலை வைத்துக்கொண்டே அழுத்தி ஊதினால் மேல் ஷட்ஜம் பேசும். கிளாரினெட்டில் அப்படி வராது. மேல் ஷட்ஜத்தையும் தாண்டி அதன் பஞ்சமத்தில் போய் நிற்கும். ஆகவே கீழ் ஸ்தாயிக்கு ஒரு விரலடைவு, மேலுக்கு வேறு. அந்த இடத்தைக் கீச்சிடாமல் கடக்கவே வருஷக்கணக்கில் சாதகம் வேண்டும். அந்த உழைப்பை நான் குறைத்துப் பேசவில்லை.

ஆனால் அரங்கன்மேல் தியாகராஜர் செய்த ஸ்ரீரங்கப் பஞ்சரத்னத்தில் 'ராஜு வெடல'வை எடுத்துக்கொள்ளுங்கள். தோடி. காந்தாரத்தை அதற்குரிய கீயில் சுத்தமாகப் பிடித்து ஊதினால் சுருதி துளிகூட விலகாது, தோடிதான் இருக்காது. தோடியின் காந்தாரம் ரிஷபத்துக்கும் மத்யமத்துக்கும் நடுவே அசைந்துகொண்டே இருப்பது. விரல் துளையைப் பாதி மூடி மெல்ல விலக வேண்டும், உதடு ரீடைச் சற்றே தளர்த்த வேண்டும், மூச்சும் கூடவே இழைய வேண்டும். எவ்வளவு தளர்த்துவது என்பது விரலுக்குத் தெரியாது. தொண்டைக்குத் தெரிந்திருந்தால் உண்டு. இங்கே சுத்தமே பிழையாகிவிடுகிறது! பாவத்தைப் பிறகு எங்கே கொண்டுபோய் ஒட்டுவது?

வெள்ளைக்காரர்களின் பேண்டோடு வந்த வாத்தியத்தை ராகம் பாட வைத்தவர் திருச்சி ஏ.கே.சி. நடராஜன். ஆலத்தூர் வெங்கடேசய்யரிடம் வாய்ப்பாட்டும், இலுப்பூர் நடேச பிள்ளையிடம் நாகஸ்வரமும் கற்றவர். நாகஸ்வர மேதை ராஜரத்தினம் பிள்ளை அவரை 'கிளாரினெட் எவரெஸ்ட்' என்றார். 2008இல் சங்கீத கலாநிதி, 2022இல் பத்மஸ்ரீ. அவரிடம் வேகம் இல்லையா? தவிலுக்கு ஈடுகொடுக்கும் வேகம் இருந்தது. அந்தப் பிருகாக்கள் பாட்டிலிருந்து விரலுக்கு இறங்கியவை. அவரைக் கொண்டாடிக்கொண்டே பிள்ளைகளை எதிர்த் திசையில் அனுப்புவது என்ன நியாயம்?

போட்டி நடத்துகிறவர்கள் வர்ணத்தை மூன்று காலத்தில் கேட்கும் முன், வாத்தியத்தைக் கீழே வைத்துவிட்டுத் தோடியைப் பாடச் சொல்லட்டும். சாரீரம் சுமாராக இருந்தாலும் பரவாயில்லை. பிறகு அதையே ஊதச் சொல்லட்டும். காந்தாரம் அசையவில்லையென்றால், எத்தனை வேகமாக வாசித்தாலும், பரிசு வேண்டாம்.