கழுத்து முறிந்த கதைக்கு அப்பால்

உதைபந்தாட்டக் கோல் காப்பாளர்களைப் பற்றிப் பேச்சு எழும் இடங்களில் பேர்ட் ட்ரவுட்மனின் பெயர் தவறாமல் இடம்பெறும். பெயரைத் தொடர்ந்து அவரது கழுத்தும் வந்துவிடும். 1956ஆம் ஆண்டு மே மாதம் 5ஆம் திகதி இலண்டன் வெம்பிளி மைதானத்தில் நடைபெற்ற எஃப்.ஏ. கிண்ண இறுதியாட்டம் அது. ஆட்டம் முடிய ஏறத்தாழ 17 நிமிடங்கள் இருந்தன. பேர்மிங்ஹாம் சிற்றி அணியின் பீற்றர் மேர்பி கோலை நோக்கி ஓடிவர, அவரது காலடியில் பாய்ந்து பந்தைப் பற்றிய ட்ரவுட்மன், மோதலில் கழுத்தில் அடிபட்டு வீழ்ந்தார். மாற்று வீரரைக் களமிறக்கும் விதி அக்காலத்தில் இங்கிலாந்தில் இல்லை. எனவே எழுந்து நின்று, தள்ளாடியபடியே எஞ்சிய நேரத்தையும் ஆடி முடித்தார். மன்செஸ்டர் சிற்றி 3-1 என்ற கணக்கில் வென்றது. சில நாட்களின் பின்னர் எடுக்கப்பட்ட எக்ஸ்றே படத்தில், கழுத்தெலும்புகள் ஐந்து இடம்பெயர்ந்திருந்ததும் அவற்றுள் ஒன்று பிளந்திருந்ததும் தெரியவந்தன.

2013ஆம் ஆண்டு ஜூலை மாதம் ஸ்பெயினில் தமது 89ஆவது வயதில் அவர் காலமானபோது வெளிவந்த அஞ்சலிக் குறிப்புகளில் பல, அந்தக் கழுத்தைக் கொண்டே தொடங்கின. நீண்டகாலம் பத்திரிகை அலுவலகங்களில் பணியாற்றியவன் என்ற முறையில் இதனை நான் பெரிதாகக் குறைகூற மாட்டேன். தலைப்புக்குள் அடங்கும் செய்தியே முதலில் அச்சேறும் என்பது எமது தொழிலின் இயல்பு. எனினும், ட்ரவுட்மனின் விளையாட்டு வாழ்க்கையைத் தீர்மானித்தவை 1956இன் அந்த 17 நிமிடங்கள் அல்ல என்பதே எனது கருத்து. அதற்கு ஏழு ஆண்டுகளுக்கு முன்னர், 1949ஆம் ஆண்டின் இலையுதிர் காலத்தில், அவர் ஆடுவதா இல்லையா என்ற கேள்வி மைதானத்துக்கு வெளியே தீர்க்கப்பட்டது. அதனைத் தீர்த்து வைத்தவர்களைப் பற்றி நாம் குறைவாகவே பேசுகிறோம்.

ட்ரவுட்மன் 1923இல் ஜேர்மனியின் பிறேமன் நகரில் பிறந்தவர். ஹிட்லர் ஆட்சிக்கு வந்தபோது அவருக்கு ஒன்பது வயது. நாஸிகளின் சிறுவர் இயக்கத்தில் வளர்ந்து, 1941இல் பதினேழு வயதில் தாமாகவே விமானப்படையில் சேர்ந்தார். பின்னர் பரசூட் படைவீரராகக் கிழக்கு முனையிலும் மேற்கு முனையிலும் போரிட்டார். இரும்புச் சிலுவைப் பதக்கமும் பெற்றார். 1945இல் பிரித்தானியப் படையினரிடம் சிக்கி, யுத்தக் கைதியாக இங்கிலாந்துக்குக் கொண்டுவரப்பட்டார். கைதிகளை அவர்களது அரசியல் மனப்பாங்கின்படி தரம்பிரித்தபோது, முதலில் அவர் கடும் நாஸிகளின் பட்டியலிலேயே சேர்க்கப்பட்டார்.

லங்காஷயரில் இருந்த முகாமில் நடந்த ஆட்டமொன்றில் காயமுற்றதால், களத்தில் ஆடிக்கொண்டிருந்த அவர் கோல் காப்பாளருடன் இடம் மாற்றிக்கொண்டார். அவரது தொழில் அவ்வாறு தற்செயலாகவே அமைந்தது. விடுதலை கிடைத்தபோது நாடு திரும்ப மறுத்து அங்கேயே தங்கினார். சென். ஹெலன்ஸ் என்ற சிறிய நகரின் கழகத்துக்கு ஆடத் தொடங்கினார். அந்த ஆட்டத்தைக் கண்டே 1949 ஒக்ரோபரில் மன்செஸ்டர் சிற்றி அவரை ஒப்பந்தம் செய்தது.

நகரம் கொதித்தெழுந்தது. சுமார் 20,000 பேர் வீதியில் இறங்கி ஆர்ப்பாட்டம் செய்ததாகப் பதிவுகள் கூறுகின்றன. பருவகால நுழைவுச்சீட்டுகளைத் திருப்பித் தரப்போவதாகப் பலர் எச்சரித்தனர். யுத்தம் முடிந்து நான்கே ஆண்டுகள் ஆகியிருந்தன. ஜேர்மன் விமானங்கள் குண்டு வீசிய நகரம் அது. யூத மக்கள் பெருமளவில் வாழ்ந்த நகரமும் ஆகும். கோபப்பட அவர்களுக்குக் காரணம் இருந்தது.

இந்த இடத்தில்தான் விளையாட்டுப் பக்கங்களில் வழக்கமாக ஒரு வாக்கியம் எழுதப்படும்: "விளையாட்டு மனிதர்களை ஒன்றிணைக்கும்." எத்தனையோ ஆண்டுகளாக இதனை வாசித்து வருகிறேன். இதில் எனக்கு நம்பிக்கை இல்லை. 1949இல் மன்செஸ்டரை முதலில் பிளவுபடுத்தியதே ஓர் உதைபந்தாட்ட ஒப்பந்தம் அல்லவா? பிளவைத் தணித்தவர்கள் சில மனிதர்கள். அவர்களுக்குப் பெயர்கள் உண்டு.

ஒருவர் அணித்தலைவர் எரிக் வெஸ்ற்வுட். நோர்மண்டிப் போர்முனையில் ஜேர்மனியருக்கு எதிராகப் போரிட்டவர். உடைமாற்றும் அறைக்குள் யுத்தம் எதுவும் இல்லை என்று கூறி ட்ரவுட்மனை வரவேற்றார்.

மற்றவர் மன்செஸ்டர் யூத சமூகத்தின் மதகுரு அலெக்சாண்டர் அல்ட்மன். பேர்லினில் மதகுருவாக இருந்து, 1938இல் நாஸிகளிடமிருந்து தப்பி வந்தவர். அவரது தந்தையாரும் ஒரு மதகுருவே. 1944இல் அவுஷ்விட்ஸ் முகாமில் உயிரிழந்தார். அத்தகைய ஒருவர் மன்செஸ்டர் பத்திரிகைக்குப் பகிரங்கக் கடிதம் ஒன்றை எழுதினார். ஜேர்மனியர் கைகளில் தம் மக்கள் பட்ட கொடுமைகளை அவர் மறைக்கவில்லை. குறைத்துக் கூறவும் இல்லை. ஆயினும், அக்குற்றங்களோடு தொடர்பற்ற ஒரு தனிமனிதரை வெறுப்பின் பேரில் தண்டிப்பது முறையல்ல என்றும், ஒவ்வொருவரையும் அவரவர் தகுதியைக் கொண்டே எடைபோட வேண்டும் என்றும் வாதிட்டார். ஒரு மாத காலத்தில் எதிர்ப்பு ஓய்ந்ததற்கு அக்கடிதமே காரணம் என ட்ரவுட்மன் பிற்காலத்தில் நன்றியோடு கூறியிருக்கிறார்.

அல்ட்மன் மறக்கச் சொல்லவில்லை என்பதை வாசகர்கள் கவனிக்க வேண்டும். இழப்பே இல்லாத ஒருவர், இழந்தவர்களைப் பார்த்து "பழையதை விட்டுவிடுங்கள்" என்று உபதேசிப்பது மிக எளிது. போர் முடிந்த நாடொன்றில் வாழ்பவன் நான். அத்தகைய உபதேசங்களை நிறையவே கேட்டிருக்கிறேன். அல்ட்மன் பேசியது வேறு. தமது இழப்பை முன்வைத்துக்கொண்டே, குற்றவாளியையும் குற்றவாளியின் இனத்தையும் ஒன்றாக்கக் கூடாது என்றார். அவ்வாறு சொல்லும் உரிமை அவருக்கு இருந்தது.

ட்ரவுட்மனும் தம்மை முற்றிலும் கறையற்றவராகக் காட்டிக்கொள்ளவில்லை. உக்ரேன் காட்டுப்பகுதியில் மக்கள் கும்பலாகச் சுட்டுக் கொல்லப்பட்டதை இளம் சிப்பாயாக மறைந்திருந்து கண்டதை முதுமையில் வெளிப்படையாகப் பேசினார். மன்செஸ்டர் யூத சமூகத்தாரிடம் சென்று தமது பக்கத்தை விளக்க முயன்றார். இத்தகைய நேர்மை இல்லாதிருந்தால், அல்ட்மனின் கடிதம் காலப்போக்கில் பொருளிழந்து போயிருக்கும்.

இவ்வளவும் நடந்த பின்னரே அவரது ஆட்டத்திறன் பேசியது. 1950 ஜனவரியில் இலண்டனில் ஃபுல்ஹாம் கழகத்துக்கு எதிரான ஆட்டத்தில், குண்டுவீச்சின் வடு ஆறாத நகரத்து இரசிகர்கள் அவரை "நாஸி" என்று ஏசினர். சிற்றி 0-1 எனத் தோற்றது. ஆனால் அன்று அவர் தடுத்த பந்துகளைக் கண்டு, ஆட்ட முடிவில் இரு அணி வீரர்களும் வரிசையாக நின்று கைதட்டி வழியனுப்பினர். ஏசியவர்களும் எழுந்து நின்றனர்.

15 பருவங்களில் மன்செஸ்டர் சிற்றிக்காக 545 ஆட்டங்கள். இளமையில் கைப்பந்தாட்டம் ஆடிய பழக்கத்தால், பந்தை உதைத்துத் தூரத்துக்கு அனுப்புவதைவிடச் சக வீரருக்குக் குறிபார்த்து எறிவதையே விரும்பினார். டொன் றிவி பின்தங்கி நின்று ஆட்டத்தைக் கட்டமைத்த அக்கால அணியின் தாக்குதல் பல வேளைகளில் அந்த எறிதலிலிருந்தே ஆரம்பித்தது. கோல் காப்பாளரும் தாக்குதலின் முதல் வீரரே என்று இன்று பயிற்றுநர்கள் கூறுவதை அவர் எழுபது ஆண்டுகளுக்கு முன்பே செய்து காட்டினார். 1956இல் இங்கிலாந்தின் உதைபந்தாட்ட எழுத்தாளர்கள் அவரை ஆண்டின் சிறந்த வீரராகத் தெரிவு செய்தனர். அவ்விருதைப் பெற்ற முதலாவது கோல் காப்பாளர் அவரே.

இவற்றுக்கெல்லாம் அவர் விலையும் கொடுத்தார். வெளிநாட்டில் ஆடுபவரைத் தேசிய அணியில் சேர்ப்பதில்லை என்ற பயிற்றுநர் ஸெப் ஹேர்பேகரின் கொள்கையால், மேற்கு ஜேர்மனிக்காக ஓர் ஆட்டத்திலேனும் அவர் ஆடவில்லை. 1954இல் அந்த நாடு உலகக் கிண்ணத்தை வென்றபோது அவர் அங்கு இல்லை. கழுத்து முறிந்த அதே ஆண்டில், தமது ஐந்து வயது மகனை வாகன விபத்தில் பறிகொடுத்தார். எலும்பு பொருந்தியது, இந்தத் துயரம் பொருந்தவில்லை.

ஓய்வு பெற்ற பின்னர், பர்மாவிலும் தன்சானியா, லைபீரியா, பாகிஸ்தான் போன்ற நாடுகளிலும் ஜேர்மனியின் சார்பில் உதைபந்தாட்டம் கற்பித்தார். 2004இல் பிரித்தானியா அவருக்கு ஓ.பி.ஈ. விருது வழங்கியது. ஒருகாலத்தில் முள்வேலிக்குள் அடைத்து வைத்தவனுக்கு அந்த நாடே வழங்கிய மரியாதை அது.

கழுத்து முறிந்தும் ஆடியவரின் துணிச்சலை எவரும் மறுக்கப் போவதில்லை. ஆனால் அத்துணிச்சலை நாம் பின்பற்ற முடியாது; பின்பற்ற வேண்டியதும் இல்லை. இன்றைய மருத்துவர் எவரும் அதற்கு அனுமதிக்கவும் மாட்டார். பின்பற்றக்கூடியது, 1949இல் மைதானத்துக்கு வெளியே ஒருவர் பேனாவை எடுத்துச் செய்த காரியம். தம் சொந்த மக்களே சினந்திருந்த வேளையில், அவர்களின் சினத்துக்கு அடிபணியாமலும் அவர்களின் துயரை அவமதிக்காமலும் பத்திரிகைக்கு ஒரு கடிதம் எழுத அல்ட்மனால் முடிந்தது. ட்ரவுட்மனின் கதையை அடுத்த தடவை சொல்பவர்கள், வெம்பிளியை அடையுமுன் அந்தக் கடிதத்தையும் ஒரு வரி சொல்லிச் செல்ல வேண்டும் என்பதே எனது வேண்டுகோள்.