கதவுக்கு வெளியே பிரிஜித்... உள்ளே மொத்தக் குடும்பம்!

ஜனவரி 31. இருட்டிவிட்டது. அயர்லாந்தின் வடமேற்கு மூலையில் இருக்கும் டொனகல் பகுதியில் ஒரு விவசாயி வீடு. அடுப்பில் உருளைக்கிழங்கு வெந்துகொண்டிருக்கிறது. எல்லோரும் உள்ளே இருக்க, அந்த வீட்டுப் பெண்பிள்ளை மட்டும் வெளியே குளிரில் நிற்கிறாள். கையில் ஒரு கட்டுப் புல். வீட்டை மூன்று முறை சுற்றி வந்து கதவைத் தட்டுகிறாள். உள்ளே இருப்பவர்களை மண்டியிடச் சொல்கிறாள், கண்களைத் திறக்கச் சொல்கிறாள், பிரிஜித்தை உள்ளே விடச் சொல்கிறாள்.

தாத்தா, பாட்டி, அப்பா, அம்மா, பொடிசுகள் என மொத்தக் குடும்பமும் மண்டியிட்டு, 'வாங்க, வாங்க' என்று வரவேற்கிறது. கதவு திறக்கிறது. அந்த நிமிடம் உள்ளே வருவது அவர்கள் வீட்டுப் பெண் அல்ல. புனித பிரிஜித்!

அயர்லாந்துக் கிராமங்களில் தலைமுறை தலைமுறையாக நடந்துவந்த காட்சி இது. நமக்கு அயர்லாந்துப் பண்டிகை என்றால் மார்ச் 17-ம் தேதி வரும் செயின்ட் பேட்ரிக்ஸ் டேதான் ஞாபகம் வரும். பச்சைத் தொப்பி, பச்சைச் சட்டை, ஊர்வலம், சிகாகோவில் பச்சையாக ஓடும் ஆறு. எங்கள் டிஜிட்டல் டெஸ்க்கில் வருஷாவருஷம் அந்த போட்டோ ஆல்பத்தைப் போடுவதே நான்தான். ஆனால், பேட்ரிக்குக்குச் சமமாக அந்த நாடு கொண்டாடும் பெண் ஒருவர் இருக்கிறார், அவருடைய நாள் பிப்ரவரி 1, அதைக் கொண்டாட ஊர்வலமே வேண்டாம், ஒரு வீடும் ஒரு கதவும் போதும் என்பதெல்லாம் எனக்குத் தெரிந்தது சமீபத்தில்தான். அதனால் இந்த வாரம் பிரிஜித் வீட்டு விசேஷம்!

யார் இந்த பிரிஜித்?

5-ம் நூற்றாண்டில் பிறந்து, டப்ளினுக்குத் தென்மேற்கே இருக்கும் கில்டேரில் துறவியர் மடம் நிறுவியவர் என்று சொல்லப்படும் பெண் துறவி. 'கில்டேர்' என்ற பெயருக்கே 'ஓக் மரத்துக் கோயில்' என்றுதான் பொருள். அவருக்கு முன்பே, கிறிஸ்தவம் வராத காலத்து அயர்லாந்தில் இதே பெயரில் ஒரு தெய்வமும் இருந்திருக்கிறது. கவிதை, மருத்துவம், இரும்புப் பட்டறை மூன்றுக்கும் உரிய தெய்வம். இரண்டு பேரின் கதைகளும் காலப்போக்கில் பின்னிக்கொண்டன. பிப்ரவரி 1 அந்த நாட்டின் பழைய கணக்கில் வசந்தத்தின் முதல் நாள். ஆடுகள் குட்டி போட்டு மடியில் பால் கட்டும் காலம். அதனால் பிரிஜித் கதைகளில் எப்போதும் பால், வெண்ணெய், பசு எல்லாம் நிறைந்து வழியும்.

ஐரிஷ் குழந்தைகள் எல்லோருக்கும் தெரிந்த கதை ஒன்று. மடம் கட்ட நிலம் கேட்கப் போன பிரிஜித்தை லென்ஸ்டர் அரசர் கிண்டலாகப் பார்க்கிறார். 'என் மேலங்கி எவ்வளவு இடத்தை மூடுகிறதோ, அவ்வளவு கொடுங்கள், போதும்' என்கிறார் பிரிஜித். அரசரும் சிரித்துக்கொண்டே சம்மதிக்கிறார். அங்கியைத் தரையில் விரித்தால், அது நீண்டுகொண்டே போய் கர்ரா சமவெளி முழுவதையும் மூடிவிடுகிறது!

ஆளுக்கொரு வேலை

இந்தப் பண்டிகையில் எனக்கு ரொம்பப் பிடித்தது, வீட்டில் யாரையும் சும்மா உட்காரவிடாததுதான்.

முதல் வேலை, புல் கொண்டுவருவது. ஈரமான வயல்களில் வளரும், கோரை மாதிரி உருண்டு நீண்ட புல் அது. அரிவாளால் அறுக்கக் கூடாது, கையால்தான் பிடுங்க வேண்டும் என்பது கணக்கு. அதை எடுத்துக்கொண்டு கதவைத் தட்டுவது சில ஊர்களில் பெண்பிள்ளை, சில ஊர்களில் வீட்டுத் தலைவர்.

அடுத்தது சாப்பாடு. வெந்த உருளைக்கிழங்கை மசித்து, நடுவில் குழி பறித்து, குழி நிறைய வெண்ணெய். அன்றைக்கே கடைந்த வெண்ணெய் என்றால் இன்னும் விசேஷம். வசதியுள்ள வீட்டார், இல்லாத வீட்டுக்கு வெண்ணெயும் மோரும் கொடுத்துவிடுவார்கள். ஜன்னல் விளிம்பில் வெளிப்பக்கமாக ரொட்டித் துண்டு ஒன்றையும் வைப்பார்கள். அது பிரிஜித்துக்கு. பக்கத்திலேயே ஒரு கைப்பிடி கதிர். அது பிரிஜித்தோடு வரும் வெள்ளைப் பசுவுக்கு!

சாப்பிட்டு முடித்ததும், கொண்டுவந்த புல்லை எல்லோரும் சுற்றி உட்கார்ந்து சிலுவையாக முடைவார்கள். ஒன்று வாசலுக்கு மேலே, ஒன்று மாட்டுக் கொட்டகையில். தீ, புயல், நோய் எதுவும் அண்டாது என்ற நம்பிக்கை. சில வீடுகளில் போன வருஷத்துச் சிலுவையை எரித்துவிடுவார்கள். சில வீடுகளில் எடுக்கவே மாட்டார்கள். கூரையில் வருஷத்துக்கு ஒன்றாகச் சேர்ந்துகொண்டே போகும்.

படுக்கப் போகும் முன் கடைசி வேலை, ஒரு துணித்துண்டையோ ரிப்பனையோ வெளியே செடியின் மீது போட்டுவைப்பது. இதற்குப் பெயர் 'ப்ரத் ப்ரீட', அதாவது பிரிஜித்தின் அங்கி. இரவு அந்த வழியாகப் போகும் பிரிஜித் அதைத் தொட்டு ஆசீர்வதிப்பாராம். காலையில் எடுத்து மடித்து வைத்தால் வருஷம் முழுக்க வீட்டு வைத்தியத்துக்கு ஆகும். தலைவலி வந்தால் நெற்றியில் கட்டுவார்கள். பிரசவ வலியில் இருக்கும் பெண்ணின் மீது போடுவார்கள். கன்று ஈனும் பசுவுக்கும் அதுதான். சில ஊர்களில் ரிப்பனை ராத்திரி ஒரு தடவை, காலையில் ஒரு தடவை அளப்பார்கள். நீண்டிருந்தால் நல்ல சகுனம். விடிந்ததும் குழந்தைகள் எவ்வளவு வேகமாக ஓடியிருப்பார்கள் என்று யோசித்துப் பாருங்கள்.

சக்கரம் சுழலக் கூடாது

தென்மேற்கு அயர்லாந்தில் இன்னொரு கட்டுப்பாடும் இருந்தது. பிரிஜித் நாளில் எந்தச் சக்கரமும் சுழலக் கூடாது. வண்டி பூட்டக் கூடாது. முக்கியமாக, ராட்டையில் நூல் நூற்கக் கூடாது. குளிர்காலம் முழுக்க ராட்டை முன்னால் உட்கார்ந்தே இருந்த பெண்களுக்கு, சாமி பெயரில் கிடைத்த ஒரு நாள் ஓய்வு!

இதைப் படித்த சந்தோஷத்தில் அம்மாவுக்கு போன் போட்டுச் சொன்னேன். முழுவதும் கேட்டுவிட்டு அம்மா ஒரே ஒரு கேள்வி கேட்டார். "சரி, அன்னைக்குச் சமையல் யாரு?"

என்னிடம் பதில் இல்லை. வெண்ணெய் கடைந்ததும், கிழங்கு மசித்ததும், வீட்டைக் கூட்டிப் பெருக்கி பிரிஜித்துக்காகத் தயார் செய்ததும் பெரும்பாலும் அந்த வீட்டுப் பெண்கள்தான். ராட்டைக்கு லீவு இருந்தது, அடுப்புக்கு இல்லை. அம்மாவின் கேள்விக்கு அயர்லாந்தில் பதில் இல்லாமலும் இல்லை. ஜனவரி 6-ம் தேதிக்கு அங்கே 'பெண்களின் கிறிஸ்துமஸ்' என்றே பெயர். குறிப்பாக கார்க், கெர்ரி பகுதிகளில் அன்று வீட்டு வேலை ஆண்களுடையது, பெண்கள் தோழிகளோடு வெளியே கிளம்பிவிடுவார்கள். அதைப் பற்றி இன்னொரு வாரம் விரிவாகப் பேசலாம்.

நாமே முடையலாமா?

பிரிஜித் சிலுவையைச் செய்வது எளிது. அயர்லாந்தில் பள்ளிக்கூடங்களிலேயே கற்றுத்தருகிறார்கள். புல் கிடைக்காவிட்டால் பேப்பர் ஸ்ட்ராவிலும் செய்யலாம்.

ஒரு ஸ்ட்ராவை நிமிர்த்திப் பிடித்துக்கொள்ளுங்கள். இரண்டாவதைச் சரிபாதியாக மடித்து, முதல் ஸ்ட்ராவின் நடுவில் மாட்டுங்கள். அதன் இரு முனைகளும் வலது பக்கம் பார்க்கட்டும். இப்போது மொத்தத்தையும் கடிகார முள்ளுக்கு எதிர்த்திசையில் கால்வட்டம் திருப்புங்கள். வலது பக்கம் இருந்த முனைகள் மேல் நோக்கி வந்துவிடும். மூன்றாவதை மடித்து அந்த முனைகளின் மீது மாட்டுங்கள். மறுபடி திருப்பி, அடுத்ததை மாட்டுங்கள். ஒவ்வொரு முறையும் மேல் நோக்கி இருப்பவை எல்லாவற்றையும் சேர்த்து மாட்ட வேண்டும். நடுவில் ஒரு சதுரம் வளர ஆரம்பிக்கும். போதும் என்று தோன்றும்போது, நான்கு கைகளின் நுனியையும் நூலால் கட்டி, சமமாக வெட்டிவிடுங்கள். அவ்வளவுதான்.

நடுப்பகுதியை விரலால் இறுக்கிப் பிடிப்பதில்தான் எல்லாமே இருக்கிறது. ஆபீஸில் உட்கார்ந்து நான் செய்தது இரண்டு முறை கையிலேயே பிரிந்துபோனது. மூன்றாவதுதான் உருப்படி. அதுவும் கொஞ்சம் கோணல்தான். ஆனால் நின்றது.

நோட்டுப் புத்தகத்தில் தப்பித்த பண்டிகை

கோயிலில் நடக்கும் விழாவைக் கோயில் எழுதிவைக்கும். அரசு நடத்தும் விழாவை அரசு எழுதிவைக்கும். கதவுக்கு உள்ளே நடப்பதை யார் எழுதுவார்கள்? பிள்ளைகள் வேலை தேடி ஊரைவிட்டும் நாட்டைவிட்டும் போய்க்கொண்டே இருந்தார்கள். கதவைத் தட்ட ஆள் இல்லை என்றால், உள்ளே இருந்து வரவேற்கவும் வேலையில்லை. அந்தப் பண்டிகை அந்த வீட்டில் அதோடு முடிந்தது.

நல்லவேளை, 1937-ல் ஒரு காரியம் செய்தார்கள். அன்றைய ஐரிஷ் சுதந்திர நாட்டின் தொடக்கப் பள்ளிகளில் பெரிய வகுப்புப் பிள்ளைகளிடம், 'உங்கள் வீட்டுப் பெரியவர்களிடம் பழைய வழக்கங்களைக் கேட்டு எழுதி வாருங்கள்' என்றார்கள். 1939 வரை இது நடந்தது. சுமார் 5,000 பள்ளிகள். பாட்டி சொன்னது, பக்கத்து வீட்டுத் தாத்தா சொன்னது என்று பிள்ளைகள் எழுதிக் குவித்ததும், அதிலிருந்து ஆசிரியர்கள் தொகுத்ததுமாக மொத்தம் சுமார் 7,40,000 பக்கங்கள்! இன்று அவை டப்ளின் யுனிவர்சிட்டி காலேஜில் இருக்கும் தேசிய நாட்டார் வழக்காற்றுத் தொகுப்பில் பத்திரமாக இருக்கின்றன. 'டூஹஸ்' என்ற இணையதளத்தில் யார் வேண்டுமானாலும் இலவசமாகப் பார்க்கலாம். பிள்ளைகளின் அந்தக் கையெழுத்தையே படிக்கலாம்.

120 வருடங்கள் கழித்து ஒரு லீவு

செயின்ட் பேட்ரிக்ஸ் டே அரசு விடுமுறை ஆனது 1903-ல் வந்த ஒரு சட்டத்தால். பிரிஜித்துக்கு அது கிடைத்தது 2023-ல். நடுவே 120 வருடங்கள்! 'ஹெர்ஸ்டோரி' என்ற அமைப்பு இதற்காகத் தொடர்ந்து குரல் கொடுத்தது. கொரோனா காலத்துக்குப் பிறகு, 2022 ஜனவரியில் அரசு அறிவிப்பு வந்தது. 2023 பிப்ரவரி 6, திங்கள்கிழமை, முதல் விடுமுறை. ஒரு பெண்ணின் பெயரில் அந்த நாட்டுக்குக் கிடைத்த முதல் அரசு விடுமுறை அது.

ஆனால் இதில் ஒரு சின்னச் சிக்கல். பிப்ரவரி 1 வெள்ளிக்கிழமையில் வந்தால் அன்றே லீவு. மற்ற வருடங்களில் பிப்ரவரியின் முதல் திங்கள்கிழமைதான். கதவைத் தட்ட வேண்டியதோ ஜனவரி 31 ராத்திரி. அது பெரும்பாலும் வேலை நாளாகவே இருக்கும், மறுநாள் பள்ளிக்கூடமும் இருக்கும். லீவு கொடுத்தது அரசு. அந்த ராத்திரி புல் கொண்டுவந்து, ஆளுக்கொரு வேலை பார்த்து, கதவைத் தட்டி, உள்ளே இருந்து பதில் சொல்வது என்னவோ இன்றும் வீட்டின் கையில்தான் இருக்கிறது. லீவு இல்லாத காலத்திலும் பண்டிகை நடந்தது. லீவு கிடைத்த காலத்தில் அது வெறும் நீண்ட வாரயிறுதியாகச் சுருங்கிவிடுமோ என்ற கவலை எனக்கு உண்டு. வகுப்பறையில் சிலுவை முடையக் கற்றுக்கொண்டு, அதைக் கசக்காமல் வீட்டுக்கு எடுத்துவந்து, 'இதை வாசலில் மாட்டுங்க' என்று அடம்பிடிக்கும் பிள்ளைகள் இருக்கும்வரை அப்படி ஆகாது என்ற நம்பிக்கையும் உண்டு.

இந்த வாரம் உங்களுக்கு ஒரு ஹோம்வொர்க். 1937-ல் ஐரிஷ் பிள்ளைகளுக்குக் கொடுத்த அதே ஹோம்வொர்க்தான். உங்கள் வீட்டிலேயே வயதில் மூத்தவரிடம் போய், 'நீங்க சின்னப் பிள்ளையா இருந்தப்போ செஞ்சு, இப்போ நாம விட்டுட்ட வீட்டுப் பழக்கம் ஒண்ணு சொல்லுங்க' என்று கேளுங்கள். ஒரு பக்கத்தில் எழுதி எங்களுக்கு அனுப்புங்கள். யார் சொன்னார், எந்த ஊர், வயது என்ன என்பதையும் மறக்காமல் குறிப்பிடுங்கள். அப்படியே, அன்றைக்குச் சமையல் யார் என்றும் கேட்டுவிடுங்கள். எங்கம்மாவுக்குச் சொல்ல வேண்டும்!