யாரு நீ? ரூட்டுங்க!

ஆடிப் பதினெட்டுக்கு மல்லசமுத்திரம் போயிருந்தேன். பொட்டி தட்டுறவன் ஊருக்கு வந்தா சும்மா விடுவாங்களா? "கண்ணு, கம்ப்யூட்டர்ல பில்லு காணாமப் போச்சு, ஒரு எட்டு வந்து பாரு"ன்னு மாமாவோட சிநேகிதர் கூப்பிட்டார். தறிக்காரங்களுக்கு நூல் விக்கிற கடை.

பதினோரு பில் அழிஞ்சிருக்கு. கணக்கு எழுதுற பொண்ணு மேல சந்தேகம். "நான் தொடவே இல்லீங்ணா"ன்னு கண் கலங்கி நிக்குது. நல்லவேளையா ஜெனரல் லாக் ஓடிக்கிட்டிருந்துச்சு. தெம்பா உட்கார்ந்து தேடினேன். அழிச்சது யாரு? ரூட்@லோக்கல்ஹோஸ்ட். முதலாளி பில் போட்டாலும் அதே ரூட். கடைப்பையன் போட்டாலும் ரூட். அந்தப் பொண்ணு போட்டாலும் ரூட். சாஃப்ட்வேருக்குள்ள நுழையவும் மூணு பேருக்கும் ஒரே பாஸ்வேர்டு, மானிட்டர்ல சீட்டெழுதி ஒட்டியிருக்கு!

சாஃப்ட்வேர் போட்டுக்கொடுத்த புண்ணியவானுக்குப் போன் அடிச்சேன். "முதல்ல பில்லிங்னு தனி யூசர்தாங்க வச்சேன். பாஸ்வேர்டு சரியா இருந்தும் ஆக்சஸ் டினைடுன்னுச்சு. ரூட் போட்டேன், ஓடிருச்சு."

மக்களே, என் கோபமெல்லாம் இந்த "ஓடிருச்சு" மேலதான்.

அங்க நடந்தது இவ்வளவுதான். அது பழைய மைஎஸ்க்யூஎல் 5.1. நிறுவும்போதே லோக்கல்ஹோஸ்டுக்குப் பேரில்லாத கணக்கு ஒண்ணும் சேர்ந்து வந்துடும். நம்மாளு உருவாக்கினது எந்த மிஷினிலிருந்தும் வரலாம்கிற 'பில்லிங்@%'. மைஎஸ்க்யூஎல் குறிப்பான ஹோஸ்டைத்தான் முதல்ல பார்க்கும். அதனால சர்வரிலிருந்தே வந்த பில்லிங்கைப் பேரில்லாதவனா எடுத்துக்கிச்சு. அவனுக்குப் பாஸ்வேர்டு கிடையாது, நீங்க ஒண்ணு கொடுத்தீங்க, அதனால வெளிய போ! பாஸ்வேர்டே இல்லாம முயற்சி பண்ணியிருந்தா உள்ளயே விட்டிருக்கும். அப்ப யூசர்() 'பில்லிங்'னு சொல்லும், கரன்ட்_யூசர்() வெறும் '@லோக்கல்ஹோஸ்ட்'னு காட்டிக்கொடுத்திருக்கும். அந்தப் பேரில்லாத கணக்கைத் தூக்கினா வேலை முடிஞ்சது. 2015ல் வந்த 5.7ல் அவங்களே தூக்கிட்டாங்க.

இது மைஎஸ்க்யூஎல் கூத்து மட்டும் இல்லை. எஸ்க்யூஎல் சர்வர்ல உங்க மிஷின்ல உங்க விண்டோஸ் பேர்ல ஓடின அப்ளிகேஷன், ஐஐஎஸ்ல ஏத்தினதும் ஆப் பூல் பேர்ல போய் நிக்கும். நடுவுல இன்னொரு சர்வர் இருந்து கெர்பரோஸ் டெலிகேஷன் அமைக்கலேன்னா, அனானிமஸ் லாகான்னு அநாதையாப் போகும். போஸ்ட்கிரெஸ்ல பியர் முறைன்னா, லினக்ஸ்ல நீங்க யாரோ அதே பேரைத்தான் தேடும். எல்லாத்துலயும் டேட்டாபேஸ் கேக்கறது ஒரே கேள்வி: "யாரு நீ?" அதுக்குப் பதில் தேடாம, கேக்கறவன் வாயை ரூட்டையோ எஸ்ஏவையோ வச்சு அடைக்கிறோம். நானும் மொதல் வேலையில அடைச்சவன்தான். யோக்கியன் வேஷம் போடலை.

"வெப் அப்ளிகேஷன்ல எல்லாருக்கும் ஒரே டேட்டாபேஸ் யூசர்தானே, ரூட்டா இருந்தா என்ன?"ன்னு பின்னூட்டத்துல கேப்பீங்க. நியாயமான கேள்வி. அந்த ஒரு யூசருக்கு டெலீட் உரிமை எதுக்கு? கேன்சல்னு குறிச்சா போதாதா? ஆளுக்கொரு லாகின் கொடுத்து, பில்லோட அந்தப் பேரையும் எழுதி வைக்க எவ்வளவு நேரமாகும்? ஒரு மணி நேரம்.

2002 மே மாசம் ஸ்பைடான்னு ஒரு புழு கிளம்பி, பாஸ்வேர்டே இல்லாத எஸ்ஏ கணக்கா தேடித்தேடி எஸ்க்யூஎல் சர்வர்களுக்குள்ள புகுந்துச்சு. 2018 பிப்ரவரியில வெளிய வந்த பஞ்சாப் நேஷனல் வங்கி மோசடியில, ஸ்விஃப்ட் பாஸ்வேர்டு கைமாறினதா குற்றச்சாட்டு. பேர் ஒருத்தருது, கை இன்னொருத்தருது. நூல் கடையிலிருந்து வங்கி வரைக்கும் அதே கதை.

பேரில்லாத கணக்கை நீக்கி, ரூட்டை எடுத்துட்டு, மூணு பேருக்கும் தனித்தனி லாகின் போடச் சொல்லிட்டு வந்தேன். இனிமே யார் அழிச்சாலும் தெரியும். ஆனா அந்தப் பதினோரு பில்லை யார் அழிச்சதுன்னு இன்னிக்கு வரைக்கும் தெரியாது. அந்தப் பொண்ணு வேலையை விட்டு நின்னுடுச்சு. அது மேல தப்பில்லைன்னு சொல்ல என்கிட்ட ஆதாரம் இல்லை. தப்புன்னு சொல்ல அவங்ககிட்டயும் இல்லை.

அடுத்த தடவை 'ஆக்சஸ் டினைடு' வந்தா, ரூட் போடறதுக்கு முன்னாடி அந்தப் பொண்ணை நினைச்சுக்கோங்க சாமிகளா.

டிஸ்கி: மானிட்டர்ல ஒட்டியிருந்த சீட்டை நானே கிழிச்சுட்டேன். புதுச் சீட்டு ஒட்டியாச்சுன்னு தகவல் :-(